மாப்பிள்ளை இறங்கி நடந்தார்

பிரேக்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். சைக்கிளின் பின்னால் சாக்கு தொங்கியது. உள்ளே இரும்போடு இரும்பு மோதிக்கொள்ளும் சத்தம், அவர் மலாக்கா காஜா பெராங் சாலையிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே சமையலறைக்குக் கேட்டது.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒரு துரையிடம் இவர் வாங்கியதுதான் எங்கள் சின்னக் கார்; எங்கள் பேச்சில் காடி. இவர் அரசாங்க ஆபீசில் கிராணி; குமாஸ்தா வேலை. வெள்ளைக் கால்சட்டையும் கஞ்சி போட்ட சட்டையுமாக அந்தக் காரை ஓட்டிப் போகும்போது சந்தே நிமிர்ந்து பார்க்கும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

"என்னங்க இது?" என்று சாக்கைக் காட்டிக் கேட்டேன்.

"பெரிய காடியோட முன் பிரேக். பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில, மோதி நசுங்கின காடி ஒண்ணு கிடக்கு. நானே கழட்டிட்டு வந்தேன். நம்ம காடியும் அந்தக் கம்பெனி செஞ்சதுதான். அப்படியே பொருந்தும்."

அவரை இந்த வேலையில் இறக்கியது அண்ணி, அதாவது இவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் புக்கிட் ரம்பாய் பக்கம் தோட்டத்தில் பெரிய கிராணி. ஒரு நாள் அவர்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். புக்கிட் சீனா சரிவில் இறங்கும்போது இவர் பிரேக்கை மிதித்தார்; கார் நிற்கவில்லை. ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் வண்டியை விட்டுவிட்டுத் துள்ளி விலகினான். முன் சக்கரம் புல்லில் ஏறிய பிறகுதான் நின்றது. அண்ணி மெதுவாக இறங்கிப் புடவையைச் சரி செய்துகொண்டார். "இனிமே நாங்க பஸ்லயே போய்க்கிறோம் தம்பி. நீங்க எதுக்குச் சிரமப்படணும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையை நம் காரில்தான் அழைத்து வருவேன் என்று இவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். சரிவில் நடந்ததற்குப் பிறகு, டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சாக்கு வந்தது.

"டவுன்ல மெக்கானிக்கிட்ட குடுத்திடலாமே" என்றேன்.

"காடிப் புஸ்தகத்துல படம் போட்டு வச்சிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதா?"

வாசலில் கார் முன்பக்கம் தூக்கி மரக்கட்டைகள்மேல் நின்றது. இவர் அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். கால்கள் இரண்டும் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. பசாருக்குப் போகிறவர்கள் கூடையோடு அந்தக் கால்களைச் சுற்றிப் போனார்கள். கிராணியின் கால் என்று எல்லாருக்கும் தெரியும். ஜன்னலைச் சாத்தினேன். புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்தேன்.

பழைய பிரேக்கைக் கழற்றும்போது பிரேக் எண்ணெய் சிந்தி, சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் சுருண்டு உரிந்து வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் அந்த இடம் சொறி பிடித்த மாதிரியே இருந்தது.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "உள்ள ஏறி உட்காரு. குழாயில காத்து இருக்கு, எடுக்கணும். நான் சொல்றப்போ பிரேக்கை மிதி, சொல்றப்போ விடு."

"நானா? ஸ்டியரிங் பக்கமா?"

"பின்ன, பிரேக்கு பின் சீட்லயா இருக்கு?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் யாரும் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன். "மிதி. மிதிச்சுப் பிடி. இப்ப விடு" என்று காருக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது. சத்தமாகத்தான் வந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மா, மலாய்ப் பெண்கள் மாதிரி சரோங்கும் கெபாயாவுமாக வெளியே வந்தார். எங்களோடு அதே கோயிலில் சாமி கும்பிடுகிறவர்தான், ஆனால் பேச்செல்லாம் மலாய். "அக்கா, நீயா காடி ஓட்டப் போறே?" என்று மலாயில் கேட்டார். அவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் மலாயில் கேட்டதால் சந்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

கடைசியில் என் காலடியில் பிரேக் கல் மாதிரி இறுகியது. அதைச் சொன்னதும் இவர் வெளியே வந்து, துவைத்து வைத்திருந்த என் துண்டில் கையைத் துடைத்தார். சந்தின் முனை வரை ஓட்டிவிட்டு வந்தோம். நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித்தான் கார் நின்றது.

"பழசைவிட மோசமா இருக்கிற மாதிரி இருக்குங்க."

"புது லைனிங் போட்டிருக்கு. ஓடி ஓடித்தான் பழகும்."

அன்று சாயங்காலமே பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய், பிரேக்கை மாற்றிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் இளகின மனுஷர். "சரி, நீயே ஓட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்திலேயே மேட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து கோயில் மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம்தான். காருக்கு மல்லிகைச் சரமும் கலர்க் காகிதமும் கட்டினோம். பெயிண்ட் உரிந்த இடத்தை நான் பூவால் மறைத்தேன். மாப்பிள்ளை மாலையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பட்டுப் புடவையில் பின் சீட்டில், மடியில் தாம்பாளத்தோடு. முன்னால் நாதஸ்வரம், அதற்குப் பின்னால் தவில், அதற்குப் பின்னால் எங்கள் கார். சுற்றிலும் இரண்டு வீட்டுச் சனங்களும் நடந்து வந்தார்கள். கார் நடையைவிட வேகமாகப் போகவில்லை.

சந்திப்புக்கு முன்னால் பாதை கொஞ்சம் இறங்கும். அங்கே வழக்கம்போல மேளக்காரர்கள் நின்று வாசித்தார்கள். இவர் பிரேக்கை மிதிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். முதுகு சீட்டை விட்டு எழுந்தது. கார் அவசரமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஹாண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் பம்பர் தவில்காரரின் முழங்காலுக்குப் பின்னால் போய்த் தொட்டது. அவர் முதலில் கார்மேல் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சரிந்து கீழே போனார். வார் அறுந்து தவில் உருண்டு சாக்கடையில் விழுந்தது. நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நடந்தது தெரியாது. இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார்.

தவில்காரர் தானே எழுந்து நின்றார். காலை உதறிப் பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாதான் சாக்கடையிலிருந்து தவிலைத் தூக்கி, தோளில் கிடந்த துணியால் துடைத்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து கார்க் கதவைத் திறந்தார். "இறங்குப்பா. நடந்தே போயிடலாம்."

மாப்பிள்ளை இவரை ஒரு முறை பார்த்தார். மாலையைச் சரி செய்துகொண்டு இறங்கி நடந்தார். நான் இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே எல்லாரும் கடந்து போனார்கள். அண்ணியும் போனார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ கையை நீட்டித் தாம்பாளத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

முன்னால் முழுக்கக் கூட்டம். அதனால் இவர் காரை ரிவர்ஸில் எடுத்து, வீட்டுப் பக்கம் பின்னோக்கியே ஓட்டி வந்தார். வழியில் ஒரு கோழி குறுக்கே வந்தது. பிரேக்கைத் தொட்டார், என் தலை சீட்டில் மோதும்படி கார் நின்றது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவையும் அப்படியே நின்றது.

"பின்னால போனா மட்டும் நல்லாப் பிடிக்குதுங்க" என்றேன். சும்மா, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

அவர் இன்ஜினை அணைத்தார். நடுச் சந்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கத்தை வலது பக்கம் மாட்டிட்டேன்" என்றார்.

அந்தப் பிரேக், சக்கரம் சுழலும் வேகத்தையே பிடித்து இன்னும் இறுகிக்கொள்ளும்படி செய்ததாம். பக்கம் மாறினால் பின்னால் போகும்போதுதான் இறுகுமாம். இரண்டு பக்கத்துச் சாமானையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் குழப்பம். இதையெல்லாம் அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார்.

காரை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போனோம். தாலி கட்டும்போது மண்டபத்தின் கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். கைகழுவ வந்தவர்கள் இவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் கழற்றிப் பக்கம் மாற்றினார். மறுபடியும் நான்தான் ஏறி மிதித்தேன். இந்தத் தடவை முந்தானையைத் தலைமேல் இழுக்கவில்லை. மறைக்க இனி என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

அதன் பிறகு தவில்காரர் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். தவிலுக்குத் தோல் மாற்றும் செலவை இவர் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி காப்பி கொடுத்தார். அதோடு கிளம்பியிருக்கலாம். இவர், "அண்ணே, ஒரு தடவை நம்ம காடியில வந்து பாருங்க. இப்ப சரி பண்ணிட்டேன்" என்றார்.

"பரவாயில்ல தம்பி."

"இல்லண்ணே, நீங்க வரணும்."

நான் இவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். கேட்கவில்லை. தவில்காரர் தன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வந்து முன் சீட்டில் ஏறினார். சந்திப்புக்கு வந்ததும் இவர் பிரேக்கை மிதித்தார். கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. தவில்காரரின் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

"பாத்தீங்களாண்ணே?"

தவில்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நிக்குது தம்பி. நல்லாவே நிக்குது" என்று கதவைத் திறந்தார். "நான் இப்படியே நடந்து போயிடுறேன்."

அவர் நொண்டி நொண்டிப் போவதைச் சந்திப்பில் மூன்று சக்கர ரிக்ஷாவோடு நின்ற பெச்சாக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள். எனக்கும் இறங்கி நடக்க வேண்டும் போலிருந்தது. நானும் போய்விட்டால் இவர் தனியாக உட்கார்ந்திருப்பார். முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

அண்ணன் மகளையும் மாப்பிள்ளையையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். டாக்சியில் வந்தார்கள். அண்ணியும் கூட வந்தார். உள்ளே போய் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தவர் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை நல்ல பையன். வாசலில் காருக்குப் பக்கத்தில் குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "மாமா, பெரிய காடி பிரேக்கை நீங்களே மாட்டினீங்களாமே? எப்படி மாட்டினீங்க?" என்றார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்பு யாராவது இப்படிக் கேட்டிருந்தால், இலையில் சோறு ஆறும்வரை இவர் விளக்கியிருப்பார். படத்தையும் எடுத்துக் காட்டியிருப்பார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்றார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. என் பக்கம் திரும்பி, "இலை போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு" என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.