அண்ணைக்குப் போட்ட வழக்கு

செல்வமலரின் தேத்தண்ணிக்கடைக்குள் கால் வைத்ததுமே சுருட்டு வாசம் முகத்தில் அடித்தது. சுவரில் நானே ஒட்டிய 'புகைத்தல் தடை' அறிவித்தல். அதன் கீழே மர வாங்கில் சுருட்டோடு இருந்தவர் என் சொந்த அண்ணை.

அப்போது நான் தெல்லிப்பழைப் பக்கம் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இரண்டு கிழமைக்கு முன்தான் அந்தக் கடைக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தேன். "இனி ஆரும் உள்ளுக்கை சுருட்டுப் பத்தினால் உங்களுக்கும் வழக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

செல்வமலர் தனி ஆள். ஆஸ்துமா இழுப்பு வருத்தக்காரி. மருந்துப் பம்ப் எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றும் அதைக் கையில் பிடித்தபடிதான் என்னிடம் வந்தாள்.

"நான் மூண்டு தரம் சொன்னனான் சேர். கேக்கிறாரில்லை. 'இஞ்சை பி.எச்.ஐ. ஆரெண்டு தெரியுமோ'ண்டு கேக்கிறார். உங்கடை அண்ணையை நான் எப்பிடி வெளியிலை போகச் சொல்லுறது?"

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன், மூடினேன், வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். பக்கத்து ஏரியா பி.எச்.ஐ.யைக் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். செல்வமலருக்கு மட்டும் வழக்கெழுதுவது சுலபம். சட்டமும் இடம் தரும். அந்த எண்ணம் வந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணை, பேரும் விலாசமும் சொல்லுங்கோ."

"எனக்கோ எழுதப் போறாய்? எங்கடை ஐயா போயிலை நட்டெல்லோ உன்னைப் படிப்பிச்சவர்!"

"ஓம். புகையிலையைத் தோட்டத்திலை நடுங்கோ. இதுக்குள்ளை பத்தேலாது."

எனக்குத் தெரிந்த பெயரையும் விலாசத்தையும் நானே எழுதினேன்.

வழக்குத் தவணை வரும்வரை வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி எழும்பி நடந்தேன். அண்ணி போன் எடுத்து அழுதா. தவணை நாளன்று நீதிமன்றத்தில் அண்ணை என் பக்கம் திரும்பாமலே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். "இப்ப ஆரும் சுருட்டை எடுத்தால் 'வெளியிலை போங்கோ'ண்டு துணிஞ்சு சொல்லுறன் சேர். போகினம்" என்றாள் செல்வமலர். அண்ணை அந்தக் கடைக்கு வருவதை விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கும் இன்னும் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அறிவித்தலை ஒட்டி, எச்சரிக்கையும் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் என் வேலையைத்தான் அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். 'புகைக்காதே' என்று யாரிடம் சொல்ல அவளுக்குப் பயமோ, அவரிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டியவர் நாங்கள்தான்.