போதும்பொண்ணு

செலண்டாரிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், பேசும் ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் தமிழாசிரியர் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசி மக பேரு போதும்பொண்ணு, சார். நாலாவதும் பொண்ணாப் போச்சேன்னு வச்சது. ஒருநாள் அவளே வந்து அர்த்தம் கேட்டா. மனசு நெறைஞ்சுச்சும்மான்னு சொல்லிட்டேன். சந்தோஷத்துல தன் பிள்ளைக்கு நிறைமதின்னு பேரு வச்சிருக்கா. நான் சொன்னது சரிதானே?"

"சரிதாங்கய்யா. மனசு நெறைஞ்சாலும் போதும்னுதானே சொல்றோம்."

"வார்த்தைக்குச் சரிதான்லா. எனக்கு அப்ப நெறையலையே. ஆஸ்பத்திரிக்குப் போய் அவ முகத்தக்கூட பாக்கல."

அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

மலாக்கா பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் "அப்பா!" என்று சிரித்தபடி கையசைத்தாள். எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இருக்கையைவிட்டு எழவில்லை.