நிக்காஹ் படத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் சீனுவாசன். அதைப் பார்க்கிற மாதிரி ஆக்குகிறவள் அருணா. ஓமந்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், மத்தியானச் சோற்றுக்குள் மூவாயிரம் படத்தை முந்நூறாக்கிவிடுவாள். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் கேமரா கார்டிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி. அடுத்து கழிப்பு: கண் மூடியவர், ஆடிப்போன படம், செல்போனைத் தூக்கிப் பிடித்து மறைக்கிறவர், எல்லாம் காலி. மிச்சத்தில் ஒன்றுக்குக் கலர் சரிசெய்து, அதே வெளிச்சத்தில் எடுத்த நூறுக்கும் ஒரே தட்டில் ஏற்றிவிடுவாள். கல்யாண வீட்டில் போனைத் தூக்குகிற கூட்டத்தின் மேல் அவளுக்கு அப்படி ஓர் எரிச்சல்!

கோட்டக்குப்பம் நாசியாவின் நிக்காஹ் படங்களையும் அப்படித்தான் முடித்தாள். ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிட்டுப் போக நாசியாவின் அம்மா ஆசியா பீவி வந்திருந்தார். கடைசிப் படம் வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“ஏம்மா, எங்க வூட்டுக்காரரு எங்க?”

“அவுரு துபாய்ல இல்லீங்களாக்கா? வரலன்னாங்களே.”

“லீவு கெடைக்கலம்மா. வீடியோ கால்ல இருந்தாரு. எந்தம்பி போனைப் புடிச்சிக்கினே நின்னானே. அத்தா வரலன்னு நாசியா இன்னும் அவருகூட பேசறதில்ல. ஆல்பத்துலயும் அவரு இல்லன்னா எப்பிடிம்மா?”

போன் பிடித்தவர் என்றுதான் அருணா அந்தத் தம்பியையும் கழித்திருந்தாள். கழித்ததை எல்லாம் முதல் டிஸ்க்கிலிருந்து அன்றே அழித்திருந்தாள். கார்டிலும் சீனுவாசன் வேறு விசேஷம் எடுத்தாயிற்று. இரண்டாவது டிஸ்க்கைச் செருகினாள். நல்லவேளை, எல்லாம் இருந்தது. தம்பி நாற்பத்தோரு படத்தில் நின்றார். அத்தனையிலும் போன் திரை வெறும் வெள்ளைக் கட்டம்.

“அய்யோ, ஒண்ணுமே தெரியலியே!”

“இருங்கக்கா, பாக்கறேன்.”

ஒவ்வொன்றிலும் திரையை மட்டும் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்தாள். நூறு படத்தை ஒரு தட்டில் முடிக்கிறவள், கட்டைவிரல் அளவு இடத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். முப்பதைத் தாண்டியபின் ஒன்றில் வெள்ளை வடிந்தது. தொப்பி தெரிந்தது. துஆவுக்கு ஏந்திய கைகள். அப்புறம் முகம். நாசியாவின் அப்பா காதர் பாட்சா அழுதுகொண்டிருந்தார்.

நிக்காஹ் அன்று பெண்கள் பக்கம் இருந்த ஆசியா பீவி அந்தத் திரையைப் பார்க்கவே இல்லை. “சிரிச்சிக்கினே பாத்தேன்னு சொன்னாரும்மா எங்கிட்ட,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சிரிச்ச மாதிரி வேற தேடட்டுமாக்கா?”

“வேணாம். இத்தயே பெருசா போடு. இப்பவே எம்போனுக்கும் அனுப்பு, நாசியாவுக்குப் போடறேன்.”

அனுப்பினாள். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், சுவரில் ஒட்டியிருந்த தன் வேலை முறை எழுதிய காகிதத்தின் தலையில் எழுதினாள்: ‘யாரெல்லாம் வரவில்லை என்று முதலில் கேள்.’

போன் அடித்தது. ஆசியா பீவி ஸ்பீக்கரில் போட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ம்மா,” என்றாள் நாசியா, “அத்தாவுக்கு டூட்டி எத்தினி மணிக்கு முடியும்?”