படிகள் விழாத படம்

விளம்பரத்தில் 'கிரவுண்ட் ஃப்ளோர், ரோட்டைப் பார்த்த வாசல்' என்று போட்டிருந்தது. அந்த வரிக்காகத்தான் என் கணவர் அந்த வீட்டையே பிடித்துக்கொண்டார். ஃபேக்டரியில் இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவருக்கு வாக்கர்தான் துணை. மாடி வீட்டில் அடைந்து கிடந்தவருக்கு ஒரே ஆசை: யார் கையையும் பிடிக்காமல் தெருமுனை டீக்கடைவரை போய்வர வேண்டும்.

நேரில் போய்ப் பார்க்காமல் விட்டது ஒரு கூத்து. ஆடி பிறப்பதற்குள் குடிபோனால் போதும் என்று தமிழ்க் காலண்டரைப் பார்த்துவிட்டு நிதானமாக இருந்தோம். புது வீட்டு ஓனரம்மாவுக்குக் கன்னடக் கணக்கு. அமாவாசைக்கு மறுநாளே ஆஷாடம், அதாவது அவர்கள் ஆடி, வந்துவிடும், அதற்குள் பால் காய்ச்சாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார். இத்தனை வருஷம் மைசூரில் இருந்தும் அது எங்கள் மண்டையில் ஏறவில்லை பாருங்கள். அவசர அவசரமாக மூட்டை கட்டினோம். புரோக்கர் தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துப் பக்கத்து ஆள், தமிழில் பேசினார், போனில் படம் அனுப்பினார். நம்ம ஆள்தானே என்று நம்பிப் பழைய வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டோம்.

படத்தில் பளபளக்கும் கதவு, பச்சை மாவிலைத் தோரணம். ஆட்டோ போய் நின்றதும்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கதவு கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே இருந்தது. ரோட்டிலிருந்து அதற்குச் செங்குத்தாகப் படிகள், கைப்பிடிகூட இல்லை. படத்தைக் கதவோடு நிறுத்தி வெட்டி அனுப்பியிருக்கிறார் மனுஷன். படிக்கடியில் சாவியோடு நின்ற புரோக்கரைப் பிடித்தேன்.

"படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"இதும் கிரவுண்ட் ஃப்ளோர்தானுங்க அக்கா. எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"எதை அட்ஜஸ்ட் பண்றது? அவர் இடுப்பையா?"

சாமான் இறக்க வந்த இருவர் என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பால் பொங்கியபோது எங்கள் யார் முகத்திலும் சிரிப்பில்லை.

அதன்பிறகு டீ பிளாஸ்க்கில்தான் அவரைத் தேடி வந்தது. ஜன்னலே அவருக்குத் தெருவாகிவிட்டது. வீட்டு விளம்பரம் என்பது பூச்சு வேலை என்று நினைத்திருந்தேன். அதை ஒருவர் தன் உடம்பை வைத்துப் படிப்பார் என்று எழுதுகிறவனுக்குத் தோன்றாதா? நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

காலி செய்வதாகச் சொன்னதும் அதே புரோக்கர் படமெடுக்க வந்தார்.

"சார், அந்த வாக்கரக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க, போட்டோல விழுது."

"படியையும் எடுங்க தம்பி," என்றார் என் கணவர்.

"அதப் போட்டா யாருங்க வருவாங்க?"

"ஏற முடிஞ்சவங்க வருவாங்க."

சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு வாக்கர் இறங்கியது, பிறகு ஒரு பெரியவர். அவர் மகள் போனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கீழே ஓடினேன். போனில் இருந்தது எங்களுக்கு வந்த அதே பழைய படம், மாவிலைகூட வாடவில்லை.

அதற்குள் என் கணவர் ஜன்னலிலிருந்து கத்தினார். "ஏறாதீங்க ஐயா. உங்களால முடியாது."

பெரியவர் படிகளைப் பார்த்தார், பிறகு ஜன்னலில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்ற வாக்கரைப் பார்த்தார்.

"அப்ப நீங்க எப்படிங்க இறங்கறீங்க?"

 அவர்கள் ஆட்டோ திரும்பித் தெருமுனை டீக்கடையைத் தாண்டும்வரை என் கணவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.