தாய்ப் பிராசஸில் நான் திறந்த இணைப்பு

என் தவற்றை, கூட வேலை செய்த ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். நான் ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தபோது, பிரிக்பீல்ட்ஸில், துறைமுக லோரிகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனத்தில் நடந்தது அது.

அந்த மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் முழுவதும் மறுபடி ஏற வேண்டும். அதற்குள் கீழே போய்த் ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு வரலாம். நான் அதை ஒழித்தேன். தயார் நிரல்களான பெரிய லைப்ரரிகளை, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு தாய்ப் பிராசஸ் ஒரே தடவை ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். நிரல் மாறும்போதெல்லாம் தாயிலிருந்து முன்பு பிரிந்த நகலை, அதாவது பழைய பிள்ளையை, நிறுத்திவிட்டுப் புதுப் பிள்ளை பிரியும். அது எங்கள் வரிகளை மட்டும் படித்தால் போதும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இப்போது சொன்னாலும் என் முதுகு நிமிர்கிறது.

அந்தப் பெருமையில், இன்னும் வேகம் வேண்டுமென்று டேட்டாபேஸ் இணைப்பையும் தாயிலேயே திறந்து வைத்தேன். திரைக்கு ஒரு பிள்ளை, சோதனைக்கு ஒரு பிள்ளை. இரண்டும் அந்த ஒரே இணைப்பில் பேசின. ஒன்று கேட்ட கேள்விக்கான பதில் இன்னொன்றுக்குப் போனது. வாடிக்கையாளருக்குக் காட்டும்போது ஒருவர் லோரியில் இன்னொருவர் சரக்கு தெரிந்தது.

"யார் வேலை இது?" என்றார் முதலாளி.

"லோரிப் பக்கம் அவங்க எழுதினது," என்று அந்தப் பெண்ணைக் காட்டினேன். அன்று மாலையே காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் தலைமை ஏற்கவிருந்த அடுத்த திட்டம் வேறொருவருக்குப் போனது.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருபவர் அவர். வந்ததும் தன் நிரலையே படித்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, எவ்வளவு பார்த்தாலும் தப்பே தெரியலையே. எனக்குக் கண்ணு அவிஞ்சிடுச்சா?"

"நல்லா பாரும்மா," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் எழுந்து சொன்னேன்: "தப்பு அவங்களது இல்ல. இணைப்பைத் தாயில திறந்தது நான்."

முதலாளி கத்தினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா தேட விட்டீங்களே அண்ணே. சொல்றதுக்கு வாய் இல்லையா லா?"

திட்டத்தை அவருக்கே திருப்பித் தரும்படி முதலாளியிடம் கேட்டேன். அது நடக்கவில்லை, அதற்கடுத்ததுதான் கிடைத்தது. என் கருவியையும் அவர் பொறுப்பில் விட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் பிரிந்த பிறகே தன் இணைப்பைத் திறக்கும்படி அவர் மாற்றினார். பிறகு என்னோடு சாப்பிட வந்ததேயில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கருவியை விளக்கும்போது, அதைச் செய்ததும் நான்தான், கெடுத்ததும் நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்வார். அடுத்த மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.