நரையில்லாத வார்டு

அந்தக் கடலோரக் கிராம வார்டில் நரைத்த தலை ஒன்றுகூடக் கிடையாது. எழுபது தாண்டியவர்கள் உண்டு, கொள்ளுப்பேரன் கண்டவர்கள் உண்டு. முதுகு வளைந்திருக்கும், பல் கொட்டியிருக்கும், கண்ணில் பூ விழுந்திருக்கும். தலைமுடி மட்டும் அண்டங்காக்கை நிறத்தில் மின்னும். மொம்பாசாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிப்பதில்லை. ஓடைக்கு வடகரையில் இரண்டு கிழவர்களையும் ஒரு கிழவியையும் வெட்டிப் போட்டதிலிருந்து அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் செய்த குற்றம் நரைத்ததுதான். சூனியக்காரனுக்கு ஆயுசு கெட்டி, பிறத்தியார் ஆயுசைத் தின்றுதான் அவன் கிழவனாகிறான் என்று அந்தக் கரையில் ஒரு கணக்கு புழங்குகிறது. அந்தக் கணக்கை யார் எப்படிப் போட்டாலும் விடை ஏதோ ஒரு கிழவரின் தென்னந்தோப்பில் போய்த்தான் முடியும்.

எம்பேயு தன் கணவர் செங்கோவுக்கு முந்திரி மரத்தடியில் உட்காரவைத்துச் சாயம் பூசிவிடுவாள். பெட்டிக்கடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பொடிப் பாக்கெட்டைத் தகரக் கிண்ணத்தில் கரைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் காதோரம் தொடங்கி உச்சிவரை பூசுவாள். மிச்சத்தைத் தன் தலைக்குப் போட்டுக்கொள்வாள். "கல்யாணத்துக்குக்கூட நீ என்னை இவ்வளவு சிங்காரிக்கலை" என்பார் செங்கோ. "கல்யாணத்தன்னைக்கு உன்னை யாரும் வெட்ட வரலையே" என்பாள் அவள்.

செங்கோ பிறந்தது ஓடைக்கரையில், இப்போது குடியிருக்கும் அதே நிலத்தில். வாலிபத்தில் வெளியூர் உப்பளத்தில் வேலை பார்த்துக் கால் வெடித்தது. பிறகு முந்திரி ஆலைக்குப் போனார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு விரல் நுனி வெந்து போயிற்று. ஆலையைப் பூட்டியதும் ஊருக்குத் திரும்பி, அப்பா வைத்த தென்னைகளில் ஏறிக் கள் இறக்கினார். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியின் மகன் ஜெஃப்வாவைத் தன் மகள் ஞேவுவோடு சேர்த்து வளர்த்தார். ஞேவு மொம்பாசாவில் ஓட்டல் வேலைக்குப் போனாள். ஜெஃப்வா வாடகை பைக் ஓட்டினான், காட்ஸோவைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது. செங்கோ ஊர்க் கிணற்றுக் கமிட்டியிலும் இருந்தார். யாரும் ஏற்றுக்கொள்ளாத பொறுப்பு என்பதால் அவர் தலையில் விழுந்தது அது.

உப்புக் கம்பெனி தன் பாத்திகளைப் பெருக்குவதற்காக ஓடையின் வாயில் மண்கரை போட்டது. அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் தேங்கிற்று. உப்புச் சேற்றில் வளரும் கண்டல் காடு வேரோடு கருகியது. கிணறு முதலில் கரித்தது, அப்புறம் நாறியது. இந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று மருந்தக நர்ஸ் வாய் வலிக்கச் சொன்னாள். நல்ல தண்ணீருக்கு நெடுஞ்சாலைக் குழாய்வரை நடக்க வேண்டும். செங்கோ கவுண்டி என்கிற மாவட்ட ஆட்சியின் தலைமையகத்துக்கு மனுவோடு பலமுறை போய் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தார். மனுவைச் சபையில் வைப்போம் என்றார்கள். சபையில் அவர்கள் வைத்தது சபாநாயகருக்குப் புது நாற்காலி ஒன்றைத்தான்.

கவுண்டிச் சட்டப்படி எதற்கும் மக்கள் கருத்துக் கேட்பு நடத்தியாக வேண்டும். மண்கரை போட்டுக்கொண்டிருந்தபோதே ஒன்று நடத்தினார்கள், பள்ளிக்கூடத்து மாமரத்தடியில். ஓடை எப்போதும் அந்தப் பக்கம் ஓடியதே இல்லை என்றார் கம்பெனி ஆள். செங்கோ எழுந்து, நான் பையனாக நீந்திய ஓடை அது, அதை அடைத்தால் கிணறு கெடும், கிணறு கெட்டால் குழந்தைகள் சாகும் என்றார். கரை எழும்பத் தொடங்கியதுமே நர்ஸ் எச்சரித்ததைத்தான் சொன்னார். வார்டு உறுப்பினர் மரம்பா அவருடைய தலையைப் பார்த்தார்.

"முடியைப் பார்த்தா நாப்பதுகூட ஆகலை. பழங்கதை சொல்ல வந்துட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. அந்த முடி ஏன் கறுப்பு என்று சிரித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த கிழவர்கள் தலையிலும் அதே பாக்கெட் சாயம்தான். செங்கோ உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஜெஃப்வாவின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காட்ஸோ அவசரத்துக்குக் கிணற்றிலேயே மொண்டிருந்தாள். மரம்பா ரிப்பன் வெட்டித் திறந்த மருந்தகத்தில் சுவர் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, மருந்து இல்லை. ஜெஃப்வா குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு பைக்கை விரட்டினான். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றானாம். குழி வெட்டும்போது செங்கோ அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, முழுவதையும் தாமே வெட்டினார்.

துக்கம் ஆறுவதற்குள் அடுத்த கருத்துக் கேட்பு வந்தது. ஓடைக்கரை நிலத்தை அளந்து, குடியிருப்பவர்களுக்குப் பட்டா தரப்போகிறார்கள். கம்பெனியோ, அது அலை ஏறும் சேற்றுத்திட்டு, யாரும் குடியிருந்ததில்லை, எங்களுக்கே குத்தகைக்கு விடுங்கள் என்கிறது. பாத்திகள் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த ஒரு ஆள் சாட்சி சொன்னால் நிலம் ஊருக்கு. இல்லாவிட்டால் கம்பெனிக்கு.

அன்று காலை எம்பேயு சாயக் கிண்ணத்தோடு வந்தாள். ஒரு மாதமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவர் தொப்பியைக் கழற்றினார். கறுப்பு நுனிகளைத் தாமே கத்தரித்திருந்தார். தலை பஞ்சுபோல வெளுத்திருந்தது. அவள் அதைப் பல வருஷமாக முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தாள்.

"என்ன விளையாட்டு இது, ஞேவு அப்பா?"

"போன தடவை சிரிச்சாங்க. இன்னைக்கும் சிரிச்சா நிலம் போயிடும்."

"நிலம் போனா மண்ணு. தலை போனா?"

"போலீஸ் இருக்கும், ஆபீசர் இருப்பாரு, மரம்பா இருப்பான். அத்தனை பேர் முன்னாடி எவன் கை வெப்பான்?"

"அவங்க வண்டி ஏறிப் போயிடுவாங்க. நீ நடந்து வரணும்."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார். சாயத்தைக் கொட்ட மனமில்லாமல் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு அவளும் பின்னால் போனாள்.

கூட்டத்தில் கம்பெனி ஆள் பேசி முடித்ததும், அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் யாராவது உண்டா என்று மரம்பா கேட்டார். கறுத்த தலைகள் தரையைப் பார்த்தன. செங்கோ எழுந்து தொப்பியை எடுத்தார். அவருக்கு இரண்டு பக்கத்திலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அதைச் சட்டை செய்யாமல் ஓடை ஓடிய தடத்தையும், அப்பா நட்ட தென்னைகளையும், எந்தெந்த வீடு எங்கே இருந்தது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கவுண்டி ஆபீசர் எழுதிக்கொண்டார். செங்கோ அதோடு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று எம்பேயு பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் உட்காரவில்லை.

"ஓடையை அடைச்சா பிள்ளைங்க சாகும்னு இதே மரத்தடியில அன்னைக்கே சொன்னேன். கேக்கலை. இப்ப எங்க வீட்டுக் குழந்தையே போயிடுச்சு."

கூட்டத்தின் மூச்சு மாறியது. வேறு ஊராக இருந்தால் இதை எச்சரிக்கை என்பார்கள், கேட்காததற்கு வெட்கப்படுவார்கள். இங்கே சாவை முன்கூட்டிச் சொன்னவன்தான் சாவை அனுப்பியவன். பின்வரிசையில் யாரோ, "அவரே ஒத்துக்கிட்டாரே" என்றார்கள்.

ஜெஃப்வா எழுந்தான். குரல் உயரவில்லை.

"எம் பொண்ணு சாவான்னு உனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியுமா, பெரியப்பா?"

"எல்லாருக்கும்தான் தெரியும், ஜெஃப்வா. நர்ஸும் அதையேதானே சொன்னா."

"நர்ஸுக்குத் தலை கறுப்பா இருக்கே" என்றான் ஒருவன். இப்போது சிரித்தார்கள்.

மரம்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அளக்க வரும் நாளில் நிலத்தில் குடியிருப்பவர் நிற்க வேண்டும், ஆள் இல்லாத நிலம் காலி நிலம் என்று அறிவித்துவிட்டுக் கூட்டத்தை முடித்தார். எம்பேயு ஓடிப்போய் அவருடைய காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் பின்வரிசைப் பையன்கள் கேட்பார்கள் என்றாள்.

"இது பழக்கவழக்க விஷயம்மா. பசங்க கொதிப்புல இருக்காங்க. கொஞ்ச நாள் மொம்பாசாவுல மக வீட்டுல இருந்துட்டு வாங்களேன்."

"ஆள் இல்லாத நிலம் காலி நிலம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அதுவும் சரிதான்" என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். படித்தவர். சூனியம் என்று ஒன்று இல்லையென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பின்வரிசைப் பையன்களுக்கு ஓட்டு என்று ஒன்று இருப்பதும் தெரியும்.

வீட்டுக்கு வந்த கையோடு மூடி வைத்திருந்த சாயத்தை அவர் தலையில் அப்பினாள் எம்பேயு. அதுவும் வினையாயிற்று. ஊரே பார்த்த வெள்ளை முடி மறுநாள் கறுத்ததும், "பார்த்தியா, மறைக்கிறான்" என்றார்கள். அவருடைய கள்ளை வாங்க ஆட்கள் வருவது நின்றது. நெருப்பு கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரி வழியை மாற்றிக்கொண்டாள். மரத்தில் கட்டிய சுரைக்குடுக்கைகள் அறுந்து கிடந்தன. ஆட்களை ஏற்றாத பைக்குகள் வேலியோரமாக மெதுவாகப் போயின, திரும்பி வந்தன. போலீஸ் நிலையத்தில், ஏதாவது நடந்தால் வந்து சொல்லுங்கள் என்றார்கள். போய்விடலாம் என்று அவள் அழுதாள். "நான் போனா நான் சொன்ன சாட்சியும் என்கூடப் போயிடும்" என்று அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நல்ல வெயில் நேரத்தில்தான் நடந்தது. சாலைக் குழாயிலிருந்து குடத்தோடு திரும்பியவள் தோப்பில் ஏணி சாய்ந்திருப்பதைக் கண்டாள். குடுக்கை உடைந்து மண்ணில் ஊறிய கள்ளில் ஈ மொய்த்தது. சற்றுத் தள்ளியும் மொய்த்தது. அவள் குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்தாள். அந்தத் தண்ணீரில்தான் அவரைக் கழுவினாள். சாயம் கொஞ்சம் கரைந்து அவள் கையில் ஒட்டியது.

போலீஸ் வந்து யார் பார்த்தது என்று கேட்டது. யாரும் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு ஜெஃப்வா வந்தான், ஒரு பிடி மண் போட்டான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்டியவர்களில் அவன் இருந்தானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இல்லாமல் இருந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பானே என்று மட்டும் தோன்றும்.

துக்கமுறைப்படி எம்பேயு தலையை மழித்துக்கொண்டாள். ஞேவு வந்து கூப்பிட்டாள், அவள் போகவில்லை. மழை வந்து போயிற்று. தலைத்துணிக்கு அடியில் முடி வெள்ளையாகவே வளர்ந்தது. கிண்ணம் கூரையில் செருகியபடியே கிடந்தது.

அளக்கிற நாளன்று ஆபீசரோடு மரம்பாவும் கம்பெனி ஆளும் வந்தார்கள். ஊரும் வந்து வேலிக்கு வெளியே நின்றது. கூட்டத்தில் சொன்ன சாட்சி நிலத்தில் நின்று எல்லை காட்ட வேண்டும், அவர் இல்லையே, வாய்ச்சொல் எப்படிச் செல்லும் என்றார் கம்பெனி ஆள். சரிதானே என்பதுபோல மரம்பா ஆபீசரைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆள் வேறு யாரும் இல்லையா என்று ஆபீசர் வேலிப்பக்கம் திரும்பிக் கேட்டார். தங்கள் நிலமும் அந்த ஒரு வாயில்தான் இருந்தது என்று வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கறுத்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன.

எம்பேயு தோப்பின் நடுவே வந்து நின்று தலைத்துணியை அவிழ்த்தாள்.

"நான் இருக்கேன். இந்தக் கரைக்கு வாக்கப்பட்டு வந்தப்ப இங்க பாத்தியும் இல்லை, மண்கரையும் இல்லை. வாங்க, ஓடை போன தடத்தைக் காட்டறேன். எழுதிக்குங்க."

அவள் நடந்தாள். ஆபீசர் பின்னால் நடந்தார். அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் நடந்தார்கள். செத்த கண்டல் கட்டைகள் வரிசையாக நின்ற பள்ளத்தின் ஓரமாகவே போய் மண்கரையின் மேல் ஏறி நின்றாள். வேலிப்பக்கம் திரும்பி, செங்கோ சொன்ன அதே எச்சரிக்கையை, அவர் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"இதை வெட்டி விடலைன்னா கிணறு இன்னும் கெடும். இன்னும் பிள்ளைங்க சாகும். நானும் சொல்லிட்டேன்."

கூட்டத்தின் ஓரத்தில் காட்ஸோ நின்றிருந்தாள். அவள் தலையிலிருந்த குடத்தை மெல்ல இறக்கி, கிணற்றுத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள்.

ஆபீசர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். வண்டிகள் புழுதி கிளப்பிப் போயின. ஊரும் கலைந்தது. வேலியோரம் ஒரு பைக் மட்டும் கிளம்பவில்லை. ஜெஃப்வா அதன்மேல் உட்கார்ந்து, காட்ஸோ போன வழியை ஒரு முறையும் எம்பேயுவின் தலையை ஒரு முறையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எம்பேயு மண்கரையிலிருந்து இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள், தலையை மூடிக்கொள்ளாமல்.