எதிர்த்தரப்பு வக்கீல் போட்ட கையெழுத்து

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில், காரைக்காலுக்குத் தெற்கே பட்டினச்சேரி போகிற வழியில் நடந்தது இது. நான் வக்கீல். தண்ணீர், சுற்றுச்சூழல் வழக்குகள்தான் என் பிழைப்பு. ‘தண்ணி கேஸ் மேடம்’ என்று கோர்ட்டில் கிண்டல் செய்வார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அங்கே வடிகால் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் ஒரு ஷட்டர் உண்டு. இறக்கி வைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வராது. தூக்கினால் வயலில் தேங்கிய மழைநீர் கடலுக்கு வடியும். அந்தக் கோடையில் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஆள் வைத்து அதைத் தூக்கி, கடல்நீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வயலெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. விவசாயிகளுக்காக நான் வழக்குப் போட்டேன். மறு உத்தரவு வரும்வரை எக்காரணம் கொண்டும் ஷட்டரைத் திறக்கக் கூடாது என்று தடையும் வாங்கினேன். அந்த ‘எக்காரணம் கொண்டும்’ நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது.

“மழை வந்தா என்ன செய்வீங்க?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் அன்றைக்கே கேட்டார். “குடை பிடிச்சுக்கறோம் சார்” என்றேன். கோர்ட்டே சிரித்தது. என் வயதுக்காரர்தான், நல்ல வாதத் திறமை உள்ளவர். அவர் முகம் சுருங்கியதை நான் ரசிக்கவும் செய்தேன்.

மழை வந்தது. விடாமல் கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விவசாயிகள் போன் செய்தார்கள். “பயிரெல்லாம் முழுவிப் போச்சு மேடம். ஷட்டரைத் தூக்கச் சொன்னா உங்க ஆர்டரைக் காட்டுறாங்க.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வயலா கடலா என்று தெரியவில்லை. நட்டு வேர்பிடித்த சம்பா முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. ஷட்டர் மேடையில் பொதுப்பணித்துறைப் பொறியாளர் என் உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிடித்திருந்தார். எதிரே கடப்பாரையோடு ஆட்கள். அக்கரையில் இறால் பண்ணைக்காரர் குடையின் கீழ் நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார். இவர்கள் பூட்டை உடைத்தால் கோர்ட் அவமதிப்பு. வழக்கும் போகும், ஆட்களும் உள்ளே போவார்கள். உடைக்காவிட்டால் பயிர் அழுகிவிடும்.

“கடல் இப்ப வத்திருக்கு மேடம்” என்றார் பொறியாளர். “மதியத்துக்கு மேல ஏறிடும். அப்பறம் தொறந்தா உப்புத்தான் உள்ள வரும். ஆனா கையில எழுத்து இல்லாம நான் தொட மாட்டேங்க.”

கோர்ட் விடுமுறை. நீதிபதியும் ஊரில் இல்லை. “எங்களக் காப்பாத்தத்தானே ஆர்டர் வாங்குனீங்க?” என்று ஒரு அக்கா கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே கேட்டார்.

ஒரே வழிதான் இருந்தது. இரண்டு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து, கோர்ட்டுக்குப் பதில் சொல்வது எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் திறக்கிறேன் என்றார் பொறியாளர். நான் யாரைக் கிண்டல் செய்தேனோ அவரிடமே கேட்க வேண்டும். போன் போட்டேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். முழுக்கக் கேட்டுவிட்டு, “இருங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வருவாரா, மாட்டாரா?

கடப்பாரைக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். “ஒதுங்குங்க மேடம்” என்று ஒருவர் பூட்டில் கடப்பாரையைக் கொடுத்தேவிட்டார். நான் பூட்டின் மேலேயே கையை வைத்துக்கொண்டேன். “இதுக்காகத்தான் அந்தாளு போனோட நிக்கிறாரு!” என்று கத்தினேன்.

அவர் வந்தார். நிக்காஹ் வீட்டிலிருந்து நேரே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, அந்த மழையிலும் அத்தர் வாசம் அடித்தது. என்னைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்தார், பிறகு தன் கட்சிக்காரரிடம் போனார்.

“நீங்க யாரு வக்கீலு?” என்று இறால் பண்ணைக்காரர் கத்துவது இக்கரைக்கே கேட்டது.

“உங்க வக்கீல்தான். அதனாலதான் சொல்றேன். ஊரே பயிர் போயி அழுவுறப்ப நீங்க படம் புடிச்சீங்கன்னா, நாளைக்கு கோர்ட்டு உங்களத்தான் கேக்கும்.”

“என்னமோ பண்ணுங்க. நாளையிலேர்ந்து எனக்கு வேற வக்கீலு” என்று அவர் குடையை உதறிக்கொண்டு நடந்தார்.

பொறியாளரின் ஜீப் பானட்டில் பேப்பரை வைத்து நான் எழுதினேன், வக்கீல் பொறியாளரின் குடையை வாங்கிப் பேப்பருக்கு மேல் பிடித்தார். படித்துவிட்டு என் பேனாவை வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘கடல் ஏறும் முன் ஷட்டரை மீண்டும் இறக்கிவிட வேண்டும்.’ என் விவசாயிகளின் நிலத்தை உப்பிலிருந்து காக்கிற வரி. பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

ஷட்டர் ஏறியது. செம்மண் நிறத் தண்ணீர் இரைச்சலோடு கடலுக்குப் பாய்ந்தபோது அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தொப்பலாக நனைந்து நின்ற என்னை வக்கீல் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“குடை கொண்டாரலீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

மறுநாள் கோர்ட் எங்கள் எழுத்தை ஏற்று, மழைக்காலத்துக்கு வழிவிட்டு உத்தரவைத் திருத்தியது. பண்ணைக்காரர் சொன்னபடியே வக்கீலை மாற்றிவிட்டார். அன்று கையெழுத்துப் போட்டவரோடு இன்றைக்கும் வேறு வழக்குகளில் முட்டி மோதுகிறேன். ஆனால் மனுவில் ‘எக்காரணம் கொண்டும்’ என்று எழுதப் போகும்போதெல்லாம், வராமல் இருந்துவிட எல்லா நியாயமும் இருந்தும் வந்து நின்ற அந்த நனைந்த வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்து, என் பேனா தானாக நின்றுவிடுகிறது.